மது பரிமாறுவோரின் கடமையும் மறுக்கும் உரிமையும்

(உணவகங்கள், மதுச்சாலைகள், கள்ளுத் தவறணைகள் ஆகியவற்றிற் பணிபுரிவோர் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



மதுவைப் பற்றி மேடையேறுவோர் பெரும்பாலும் குடிப்பவனை நோக்கியே பேசுவர். குடியாதே என்பர், மனைவி மக்களை நினைத்துப்பார் என்பர். திருவள்ளுவர் கள்ளுண்ணாமை என்று ஓர் அதிகாரமே வகுத்துப் பத்துக் குறள்களைத் தந்தார். அவையும் உண்பவனைப் பற்றியனவே. ஊற்றிக் கொடுப்பவனை நோக்கிப் பேசுவார் அரியர். இன்று நாம் பேச வந்திருப்பது அவனை நோக்கியே.

மதுவிலக்கு வேண்டுமா வேண்டாமா என்னும் வழக்கை இங்கு நாம் தொடரப்போவதில்லை. அது நெடிய வழக்கு. வேறொரு நாள் வேறொரு மேடையில் நடத்தத்தக்கது. சட்டம் அனுமதித்த ஒரு தொழிலில், அரசாங்கம் வரியை வாங்கிக்கொண்டு அனுமதிப்பத்திரம் வழங்கிய ஓரிடத்தில், மாதச் சம்பளத்துக்கு நின்று பரிமாறும் ஒருவனுடைய பொறுப்பு எவ்வளவு? அப்பொறுப்பை நிறைவேற்ற அவனுக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் அதிகாரம் எவ்வளவு? இரண்டும் ஒரே நிறையுடையனவா? இவையே இன்றைய கேள்விகள். பொறுப்பு மலையளவு, அதிகாரம் கடுகளவு என்பதே நம் விடை. அதை நாட்டத்தான் இவ்வளவு பேச்சும்.

பழைய கதையைச் சுருங்கச் சொல்லிவிடுவோம். இந்நாட்டு மதுவரியின் அடிப்படை 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம். பிரித்தானிய ஆட்சியினர் தவறணைகளைத் தம் வருமானக் கணக்கின் கண்கொண்டே நோக்கினர். அதை எதிர்த்து 1904லும் 1912லும் எழுந்த மதுவொழிப்புக் கிளர்ச்சியிலேதான் சேனநாயக்கா சகோதரர், டி. பி. ஜயதிலக்கா முதலானோர் மக்கள் முன் தலைவர்களாக வந்தனர். ஆட்சி மாறிற்று, கொடி மாறிற்று, வரி வாங்கும் கை மட்டும் மாறவில்லை. ஒரு போத்தலுக்கு எவ்வளவு வரி என்பதைச் சதக் கணக்கிற் சொல்லத் தெரிந்த அரசாங்கம், அப்போத்தலைத் திறப்பவனுக்கு எப்போது மூடவேண்டும் என்று கற்பிக்க ஒரு நாளேனும் ஒதுக்கியதாக நாம் காணோம்.

இனி, கடமை இன்னதென்று பார்ப்போம். முதலாவது வயது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் புகையிலை, மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டம் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்பதைத் தடைசெய்தது. மீசை அரும்பியிருப்பது வயதுக்குச் சான்றாகாது. ஐயம் தோன்றினால் தேசிய அடையாள அட்டையைக் கேளுங்கள். பழைய அட்டையின் இலக்கத்தில் முதலிரு எண்களும், 12 இலக்கங்கள் கொண்ட புதிய அட்டையில் முதல் நான்கு எண்களும் பிறந்த ஆண்டைக் குறிப்பன. ஆண்டையடுத்து வரும் மூன்று எண்கள் அவ்வாண்டில் எத்தனையாவது நாள் என்பதைக் காட்டும். பெண்களுக்கு அவ்வெண்ணோடு 500 கூட்டப்பட்டிருக்கும். இதை அறிந்தவன் அட்டையைக் கையில் வாங்கிய மாத்திரத்தே வயதைச் சொல்லிவிடுவான். தகப்பனுக்கென்று சொல்லிக்கொண்டு சிறுவன் வந்தாலும், சட்டம் காண்பது போத்தலை வாங்கும் கையையே; தகப்பனுடைய வயதை அன்று.

வயதைப் பார்ப்பது எளிது. அளவைப் பார்ப்பதே அரிது. ஆதலால் சற்றுக் கணக்குப் போடுவோம், பொறுத்தருள்க. கால்போத்தற் சாராயம் 180 மில்லிலீற்றர். அதன் வலு நூற்றுக்கு 33.5 என்றால், அதிலுள்ள தூய மதுசாரம் 60 மில்லிலீற்றர். நிறையில் ஏறத்தாழ 48 கிராம். மனிதனுடைய ஈரல் ஒரு மணித்தியாலத்தில் எரித்துக் கழிப்பது ஏறத்தாழ 8 கிராம். ஆளுக்கு ஆள் சிறிது கூடும், சிறிது குறையும். எனவே மாலை 7 மணிக்குக் கால்போத்தலை முடித்தவன் நள்ளிரவு தாண்டிய பின்னரே முழுத் தெளிவு பெறுவான். ‘நான் பியர் மட்டுந்தான்’ என்று மார்தட்டுவோரும் உளர். நூற்றுக்கு 8.8 வலுவுள்ள பியரில் 625 மில்லிலீற்றர்ப் பெரிய போத்தலொன்றைக் கணக்கிடுங்கள். 43 கிராம் வருகிறது. கால்போத்தற் சாராயத்துக்கு அது தம்பியன்று, இரட்டைப் பிள்ளை. கள்ளின் நிலை வேறு. அது பானையிலிருந்தபடியே புளித்து வலுவேறுவது. காலையில் இறக்கியதும் மாலையில் வார்ப்பதும் ஒரே கள்ளென்று எண்ணி அளப்பவன் ஏமாறுவான். இதைத் தவறணைத் தோழர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. அவர்களே நமக்குச் சொல்லக்கூடியவர்கள்.

இந்த எரிப்பை விரைவுபடுத்த வழியுண்டா? இல்லை. கோப்பி கொடுத்தால் தூக்கம் கலையும், வெறி கலையாது. தலையிற் குளிர்நீர் ஊற்றினால் நனைந்த குடிகாரன் ஒருவனைப் பெறுவோம், அவ்வளவே. தேசிக்காய்ப் புளி, மோர் எல்லாம் நாக்குக்கே உதவுவன. உணவு மட்டும் ஓரளவு உதவும். அதுவும் குடிக்குமுன்னும் குடிக்கும்போதும் உண்டால், மது குருதியிற் சேர்வதைத் தாமதப்படுத்தும். சேர்ந்தபின் உண்டு பயனில்லை. இன்னுமொன்று கவனிக்கவேண்டும். கடைசிக் கிளாஸை வைத்தபின் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை வெறி ஏறிக்கொண்டே செல்லும். வாசலைத் தாண்டும்போது நேராக நடந்தவன் அடுத்த சந்தியில் விழுவதன் காரணம் இதுவே. ஆகவே கண்ணால் மட்டும் அளப்பவன் எப்பொழுதும் ஒரு கிளாஸ் பிந்தியே அளக்கிறான்.

அப்படியானால் எதைக் கொண்டு அளப்பது? எண்ணிக்கையைக் கொண்டு. ஒரே மேசைக்கு ஒரே பணியாளர், ஒரே கணக்குச் சிட்டை, ஒவ்வொரு வார்ப்புக்கும் நேரம். பணத்துக்காக எழுதும் அதே சிட்டை உயிருக்காகவும் பயன்படும். அளவுக் குவளையின்றிக் கைக்கணக்கில் ஊற்றுவது தாராளமன்று. கணக்கை அழிக்கும் செயல். கண்ணுக்கும் வேலையுண்டு. குரல் திடீரென உயர்தல், அதே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லல், பணத்தாளை எண்ணத் தடுமாறல், அயல் மேசையாரிடம் வீண் உரசல், ஒரே மிடறில் விழுங்கி மறுகிளாஸ் கேட்டல் ஆகியவை நாவு குழறுவதற்கும் கால் தள்ளாடுவதற்கும் முன்னர் வருவன. ஓர் எச்சரிக்கையும் வேண்டும். சர்க்கரை நோயாளிக்குக் குருதியிற் சர்க்கரை குறைந்தாலும், தலையில் அடிபட்டாலும், பாரிசவாதம் தொடங்கினாலும் தோற்றம் வெறியைப் போலவே இருக்கும். எண்ணிக்கைச் சிட்டையில் ஒரே கிளாஸ் எழுதியிருக்க, ஆள் தள்ளாடினால், அவரைத் திட்டாதீர்கள், அம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

இவ்வளவும் நல்லெண்ணத்தின்பாற்பட்டவையா, சட்டத்தின்பாற்பட்டவையா என்று கேட்பீர்கள். பிறநாட்டு நீதிமன்றங்கள் இக்கேள்வியை நேரே சந்தித்துள்ளன. நமது நாட்டில் மதுச்சாலைக்கு எதிராக அத்தகைய வழக்குகள் பெருகவில்லை, நாளை பெருகலாம். வரும்போது நமது நீதிபதிகள் திறந்து பார்க்கப்போவது அந்நாட்டுத் தீர்ப்புக்களையே. ஆதலின் சிலவற்றைச் சற்று விரிவாகவே கூறுகின்றோம்.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் நெடுஞ்சாலை ஓரத்தில் ஜோர்டன் ஹவுஸ் என்னும் விடுதி. அங்கே வழக்கமாக வந்து அளவு மீறிக் குடிக்கும் ஒருவரை விடுதியார் நன்கறிவர். பொறுப்பான ஒருவர் துணைக்கு வந்தாலன்றி அவருக்கு வார்க்கக்கூடாது என்று பணியாளருக்குக் கட்டளையும் இருந்தது. 1968 ஜனவரியில் ஓரிரவு கட்டளை காற்றிற் பறந்தது, வார்த்தனர். வெறி முற்றியபின் அவரைப் பிடித்து வெளியே அனுப்பினர். இருள், நெடுஞ்சாலை, நடந்து போவதைத் தவிர வேறு வழியில்லாத ஒரு மனிதன். மோட்டார் வண்டி மோதிற்று. 1973இல் கனடா உயர்நீதிமன்றம் பழியை மூன்று சமபங்காக்கிற்று: குடித்தவருக்கு ஒரு பங்கு, வண்டியோட்டியவருக்கு ஒரு பங்கு, விடுதிக்கு ஒரு பங்கு. விடுதி ஏன் பொறுப்பாயிற்று? மது விற்றதனால் மட்டுமன்று. அவருடைய நிலையை அறிந்திருந்தும், தானே வார்த்து அந்நிலையை முற்றச் செய்திருந்தும், ஆபத்து நிறைந்த தெருவுக்கு அவரைத் தள்ளிவிட்டதனால். கட்டளை இருந்ததே என்னும் வாதம் விடுதியைக் காக்கவில்லை என்பதையும், அக்கட்டளையே அதற்கு எதிரான சாட்சியாயிற்று என்பதையும் முதலாளிமார் குறித்துக்கொள்வார்களாக.

அதே நீதிமன்றம் 1995இல் இன்னொரு வழக்கைத் தீர்த்தது. எட்மன்ரன் நகரில் நாடகத்தோடு விருந்தளிக்கும் ஒரு மண்டபம். ஒருவர் பல கிளாஸ் மது அருந்தினார். பணியாளர் கணக்கை ஒழுங்காக வைத்திருந்தார். குடித்தவரே வண்டியோட்டிச் சென்றார். விபத்தில் உடன் சென்ற உறவினரான பெண்ணொருவர் கைகால் இயக்கத்தை இழந்தார். தெருவிற் செல்லும் பிறர்பாலும் விடுதிக்குக் கடமையுண்டு என்று நீதிமன்றம் விதித்தது. எனினும் அன்று அவரோடு மது அருந்தாத உறவினர் இருவர் இருந்தனராகையால், அவர்கள் பார்த்துக்கொள்வர் என்று மண்டபத்தார் எண்ணியது தவறாகாது எனக் கூறி, மண்டபத்தை விடுவித்தது. கடமை உண்டு, ஆனால் அது நியாயமான அளவுக்கே உண்டு என்பது இதன் சாரம்.

இவற்றைக் கேட்டு, எல்லா நாட்டிலும் இப்படியே என்று எண்ணிவிடாதீர்கள். அவுஸ்திரேலிய உச்ச நீதிமன்றம் 2009இல் நேர்மாறாகத் தீர்ப்பளித்தது. தஸ்மேனியாவில் ஒரு விடுதி. வந்தவர் தமது மோட்டார்ச் சைக்கிளை விடுதியின் அறையொன்றில் விட்டுச் சாவியை விடுதியாரிடம் ஒப்படைத்தார். மனைவி வந்து அழைத்துச் செல்வதென்பது ஏற்பாடு. குடித்து நேரமான பின், விடுதிக்காரர் மனைவியின் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டார். அவர் சினந்தார். பின்னர் சாவியைத் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டு புறப்பட்டார், வழியில் மாண்டார். வளர்ந்த மனிதன் தன் உடைமையைத் திருப்பிக் கேட்கும்போது அதைத் தடுத்துவைக்கும் அதிகாரம் விடுதிக்காரருக்கு இல்லை. குடிப்பவரை அவருடைய செயலிலிருந்தே காக்கும் பொதுக்கடமையும் அவருக்கில்லை என்று நீதிமன்றம் கூறிற்று. அத்தீர்ப்பின் பொதுநெறியை நாம் முழுதும் ஏற்பவர்களல்லர். வார்த்து வார்த்துப் பணம் பெற்றவன், கடைசியில் ‘அவர் சுதந்திர மனிதர்’ என்று கைகழுவுவது நமக்கு ஒவ்வாது. ஆயினும் அவ்வழக்கு நமக்கு ஓர் உண்மையைக் கற்பிக்கிறது: சாவியைப் பிடித்துவைக்கும் நேரத்தில் நமது சட்ட பலம் மிகக் குறைவு, மறுகிளாஸை வார்க்காமல் விடும் நேரத்தில் அது மிக அதிகம். சாவி அவருடைய சொத்து. போத்தல், காசு கைமாறும் வரை, நம்முடையது.

இன்னுமொரு வழக்கு. 1988இல் நோர்வேயின் வடபகுதியிலிருந்த பிரித்தானியக் கடற்படைத் தளமொன்றில், மலிவான மதுவை அளவின்றி அருந்திய வீரர் ஒருவர் மயங்கி விழுந்தார். தூக்கிச் சென்று படுக்கையிற் கிடத்தினர். அருகிருந்து ஒழுங்காகப் பார்ப்பார் இல்லை. வாந்தி மூச்சை அடைத்து இறந்தார். இங்கிலாந்து மேன்முறையீட்டு நீதிமன்றம் என்ன சொல்லிற்று? அளவுக்கு மீறிக் குடிக்காமல் தடுக்கும் கடமை படையினருக்கு இல்லை. ஆனால் விழுந்தவரைத் தம் பொறுப்பில் எடுத்த கணத்திலிருந்து ஒழுங்காகக் கவனிக்கும் கடமை அவர்களுக்கு வந்துவிட்டது. பழியில் மூன்றில் இரண்டு பங்கை இறந்தவர்மேலும், எஞ்சியதைப் படைமேலும் சுமத்திற்று. மயங்கினவரைப் பின்னறையில் மல்லாத்திப் போட்டுவிட்டுக் கணக்கு மூடும் வழக்கம் நம்மூரிலும் இல்லாமலில்லை. ஆதலால் இதைச் சொன்னோம்.

இங்கிலாந்தின் 2003ஆம் ஆண்டு அனுமதிச் சட்டத்தின் 141ஆம் பிரிவு, வெறிகொண்டவர் என்று தெரிந்தும் அவருக்கு மது விற்பதைக் குற்றமாக்கிற்று. யாருடைய குற்றம்? அனுமதிப்பத்திரக்காரருடையது மட்டுமன்று, விற்க அதிகாரம் பெற்று அங்கு பணிபுரியும் எவருடையதுமாம். அதாவது கிளாஸை நீட்டிய சம்பளக்காரனும் கூண்டில் நிற்கவேண்டும்.

நமது நாட்டுக்கு வருவோம். தீங்குக்கு நட்டஈடு என்னும் துறையில் இலங்கையில் ஆளுவது உரோம ஒல்லாந்தச் சட்டம். கவலையீனத்தால் ஒருவன் பிறனுக்கு இழப்பை உண்டாக்கினால் ஈடுசெய்யவேண்டும். ஊழியன் தொழிலின்போது செய்த தவறுக்கு முதலாளியும் பொறுப்பாவான் என்பன இதில் நிலைபெற்ற விதிகள். செய்யவேண்டியதைச் செய்யாமல் விட்டதும் தவறாகுமா என்னும் வினாவுக்கு, இதே சட்டமரபைக் கொண்ட தென்னாபிரிக்க நீதிமன்றம் 1975இல் விடையளித்தது: சமுதாயத்தின் நீதியுணர்வு வேண்டுமாயின் அதுவும் தவறேயாகும் என்று. ஜோர்டன் ஹவுஸ் வழக்கின் நியாயம் நமது நீதிமன்றத்தில் நுழைய வாசற்கதவு திறந்தே இருக்கிறது என்பது நம் கருத்து. குற்றவியற் பக்கத்திலே, தானாகக் குடித்தவனுடைய வெறி அவனுக்கு முழு மன்னிப்பாகாது என்று தண்டனைச் சட்டக்கோவை 79ஆம் பிரிவில் வகுத்துள்ளது. குடித்தவன் தப்பமுடியாது; வார்த்தவனும் நெடுநாள் தப்பியிருக்கமுடியாது.

இனி மறுக்கும் கலை. ஆம், கலையென்றே சொல்லுவோம். சட்டப் புத்தகத்தில் ஒரு வரியாக இருப்பது, இரவு 9 மணிக்கு நெரிசலுக்கு நடுவே, நம்மிலும் உடல் பெருத்த ஒருவர் முன்னால் நின்று சொல்லவேண்டியிருக்கிறது. இதில் அனுபவமுடைய தோழர்களிடம் கேட்டறிந்தவற்றையே மீண்டும் சொல்லுகின்றோம். முதலிற் தாமதியுங்கள், கிளாஸ் வெறுமையானதும் ஓடிவந்து நிரப்பாதீர்கள். கேளாமலே தண்ணீரை வையுங்கள். உணவுப் பட்டியலை நீட்டுங்கள். இவை நடந்தும் மறுக்கவேண்டிய நேரம் வந்தால், பிறர் கேட்க உரத்துச் சொல்லாதீர்கள்; அவருடைய மானம் கூட்டத்தின் முன் போனால் சண்டை நிச்சயம். அருகிற் சென்று, அவர் காதுக்கு மட்டும், அவரவர் ஊர்ப் பேச்சிலே சொல்லுங்கள்: “அண்ணை, இண்டைக்கு இவ்வளவும் காணும். சாப்பாடு கொண்டு வாறன். ஓட்டோவுக்கும் சொல்லிவிடுறன்.” ‘நீ வெறியிலிருக்கிறாய்’ என்னும் சொல் வாயில் வரவே கூடாது. அவரைக் குற்றஞ்சாட்டுவதை விட, கடைச்சட்டத்தைக் காட்டுவது நன்று: “கடைச் சட்டம் இது, அண்ணை, நான் மாத்தேலாது.” நண்பர் கூட வந்திருந்தால் அவரைத் தனியே அழைத்துச் சொல்லுங்கள், பெரும்பாலும் அவரே காரியத்தை முடிப்பார். மறுத்தபின் அடுத்த பணியாளர் அறியாமல் வார்த்துவிட்டால் எல்லாம் பாழ். ஆகவே மறுத்தது உடனே சிட்டையிற் பதியப்படவேண்டும், மற்றவர்களுக்கும் சொல்லப்படவேண்டும். ஒருவர் மறுத்ததை முகாமையாளர் வந்து மாற்றி வார்ப்பாராயின், அவ்விடத்தில் அப்பணியாளருடைய சொல் அன்றோடு செத்தது.

மறுத்துவிட்டோம், கடமை தீர்ந்ததென்று கதவைச் சாத்தாதீர்கள். ஜோர்டன் ஹவுஸை நினையுங்கள். முச்சக்கர வண்டி வரும்வரை உள்ளே இருத்துங்கள். மயங்கினாராயின் ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாய் கீழ்நோக்கி இருக்கும்படி தலையைச் சாய்த்து, ஒருவர் அருகிலேயே இருங்கள். எழுப்ப எழாவிடின், மூச்சு மந்தமாயின், தோல் குளிர்ந்து நீலம் பாரித்தால் 1990ஐ அழையுங்கள். 2016இல் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கிய அந்த அம்புலன்ஸ் சேவை 2018இல் வடக்குக்கும் வந்தது, அதற்குக் கட்டணமில்லை. பொலிஸ் வந்துவிடுமோ என்று அஞ்சித் தயங்கியவர்களால் இழந்த நேரம் உயிரின் விலை.

தோழர்களே, இதுவரை சொன்னவை உங்கள் கடமைகள். இவற்றை நீங்கள் அறியாதவர்கள் என்று நாம் எண்ணவில்லை. அறிந்தும் ஏன் செய்யமுடிவதில்லை? விற்பனை உயர்ந்தால் முதலாளியின் முகம் மலர்கிறது. சேவைக் கட்டணம் பட்டியற்றொகையின் விழுக்காடு. மூன்றாம் போத்தல் போனாற்றான் உங்கள் பங்கும் கூடும். கைக்காசு தருபவரோ, பெரும்பாலும் அதிகம் குடித்தவர். மலையகத்தில் தோட்டங்களை அண்டிய மதுச்சாலைகளிற் சம்பள நாளன்று நிற்பவனைக் கேளுங்கள். அன்று அவன் எத்தனை பேரை மறுக்கமுடியும்? இவ்வாறு வார்க்க வார்க்கக் கூலி, மறுத்தால் வசை என்று ஏற்பாட்டை அமைத்துவைத்து, விபத்து நேர்ந்ததும் ‘பணியாளன் பொறுப்பின்றி நடந்தான்’ என்று சொல்வது எந்த நீதி? வயிற்றைக் காட்டி வாயைக் கட்டுகிறார்கள். பின்பு பேசவில்லையே என்று தண்டிக்கிறார்கள்.

பயிற்சி பயன் தருமா என்று ஐயுறுவோருக்கு ஒரு சான்று கூறுவோம். அமெரிக்காவின் ஒறிகன் மாநிலம் 1986இன் இறுதியில், மது பரிமாறுவோர் யாவரும் பயிற்சி பெறவேண்டுமெனக் கட்டாயமாக்கிற்று. அதன் விளைவை ஆராய்ந்து 1994இல் வெளியான ஆய்வு, இரவில் ஒற்றை வாகனம் சிக்கும் விபத்துக்கள் (வெறியில் ஓட்டுதலுக்கு அடையாளமாகக் கொள்ளப்படுபவை) பயிற்சி பெற்றோர் தொகை பெருகப் பெருகக் குறைந்து, 1989 இறுதியில் நூற்றுக்கு 23 அளவு வீழ்ந்தன என்று கண்டது. கவனியுங்கள்: அங்கு பணியாளர் மட்டும் பயிற்றப்படவில்லை; உரிமையாளரும் முகாமையாளரும் அதே பாடத்துக்கு உட்காரவேண்டியிருந்தது. நம் நாட்டிற் பயிற்சியென்றாற் கடைநிலை ஊழியனை ஒருநாட் பிற்பகல் நாற்காலியில் இருத்தி, தேநீர் கொடுத்து, சான்றிதழ் நீட்டுவதென்று பொருளாகிவிடக்கூடாது.

பெண் தொழிலாளர் பற்றியும் ஒன்று. 1979ஆம் ஆண்டின் மதுவரி அறிவித்தலொன்று, பெண்களுக்கு மது விற்பதையும், மது விற்கும் இடங்களிற் பெண்களைப் பணிக்கமர்த்துவதையும் தடுத்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அத்தடையை நீக்கினார்; சில நாட்களுக்குள் சனாதிபதியின் சொற்படி அந்நீக்கம் திரும்பப் பெறப்பட்டது; பெண்கள் உயர்நீதிமன்றம் சென்று அடிப்படை உரிமை வழக்குத் தொடுத்தனர். பாதுகாப்பு என்ற பெயரால் வேலையைப் பறிப்பது எளிது. குடித்தவன் கையை நீட்டினால் அவனை வெளியேற்றும் அதிகாரத்தைப் பணிபுரியும் பெண்ணுக்கு அளிப்பது கடினம். நமது ஆட்சியாளர் எப்போதும் எளியதையே தேர்ந்தனர்.

இனிக் கேட்பீர்கள்: நாங்கள் மறுத்தோம், முதலாளி வேலையிலிருந்து நிறுத்திவிட்டார், என்ன செய்வது? 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குச் சட்டத்துக்கு 1957இல் வந்த திருத்தம், தனியொரு தொழிலாளி தானே தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்க வழி வகுத்தது. வேலை நீக்கம் நேர்ந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்கவேண்டும்; காலம் கடத்தாதீர்கள். அச்சபை நீதியையும் ஒப்புரவையும் நோக்கித் தீர்ப்பது. 21 வயதாகாதவனுக்கு வார்க்க மறுத்ததற்காக ஒருவனை நீக்கினேன் என்று அங்கு எழுந்து சொல்லத் துணியும் முதலாளியை நாம் இன்னும் கண்டதில்லை. ஆகவே அவர் வேறு காரணம் சொல்வார்: வாடிக்கையாளரிடம் முரட்டுத்தனம், கணக்கில் தவறு, பணிவின்மை. அங்கேதான் உங்கள் சிட்டை உங்களைக் காக்கும். நாள், நேரம், வார்த்த அளவு, மறுத்த காரணம், அருகிருந்தவர் யார் என்பவற்றை அன்றிரவே எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து நினைவிலிருந்து சொல்வதைக் குறுக்கு விசாரணை கிழித்துவிடும். அன்றன்று எழுதிய கிறுக்கலை அவ்வாறு எளிதிற் கிழிக்கமுடியாது.

ஆனால் நியாய சபைக்குப் போவது நோய் முற்றியபின் மருந்து. முன்கூட்டியே வேண்டுவது முதலாளியின் கையொப்பமிட்ட கட்டளைப் பத்திரம் ஒன்று. வாயாற் சொன்னது போதாது, கைச்சாத்து வேண்டும். அதில், இன்னின்ன நிலையிலுள்ளவருக்கு வார்க்கக்கூடாது என்றும், பணியாளர் மறுத்ததை முகாமையாளர் மாற்றமாட்டார் என்றும், மறுப்பதனாற் சேவைக் கட்டணப் பங்கோ சம்பளமோ குறைக்கப்படாது என்றும், வீடு சேர்க்கும் முச்சக்கர வண்டிக்கூலியைக் கொடுக்கமுடியாதவருக்குக் கடையே முன்பணம் கொடுக்கும் என்றும், இரவு கடை மூடும்போது பணியாளர் தனியே விடப்படமாட்டார் என்றும் எழுதப்படவேண்டும். தமிழர் பணிபுரியும் இடத்தில் அது தமிழில் இருக்கவேண்டும். சிங்களத் தோழர் உடனிருந்தால் சிங்களத்திலும் இருக்கவேண்டும். தனக்குப் புரியாத மொழியிற் கட்டளையிட்டு, மீறினாய் என்று தண்டிக்கும் வித்தையை இந்நாட்டுத் தமிழ்மக்கள் கந்தோர்களிற் போதியளவு பார்த்துவிட்டார்கள். மதுச்சாலையிலும் அது வேண்டாம். பத்திரத்தின் ஒரு பிரதி வாடிக்கையாளர் கண்ணிற் படும்படி சுவரில் இருக்கட்டும். மறுக்கும் பணியாளர் கையை நீட்டிச் சுவரைக் காட்டினால், சண்டை அவரோடன்று, சுவரோடு என்றாகிவிடும்.

கூட்டுறவுச் சங்கங்கள் நடத்தும் கள்ளுத் தவறணைகளில் இதை முதலிற் தொடங்கலாம் என்பது நம் எண்ணம். அங்கே முதலாளி வேறு, தொழிலாளி வேறு அன்று. மரமேறுவோரே சங்கத்தின் அங்கத்தவர். பொதுக்கூட்டத்தில் ஒரு தீர்மானத்தால் நிறைவேறக்கூடியது அது. தனியார் மதுச்சாலைகளில் ஒவ்வொருவராகச் சென்று கேட்டாற் கிடைக்காது. ஒரு நகரத்துப் பணியாளர் எல்லோரும் ஒரே பத்திரத்தை ஒரே வாரத்தில் நீட்டவேண்டும். பொறுப்புள்ள அனுமதிப்பத்திரக்காரர் சிலர் இதை மகிழ்ந்து ஏற்பர். பொலிசும் வழக்கும் தம் வாசலுக்கு வாராதிருப்பது அவர்களுக்கும் இலாபமே. ஏற்க மறுப்போர் ஏன் மறுக்கிறார்கள் என்பதை எழுத்திற் கேட்டு வாங்குங்கள்.

பத்திரத்தின் வரைவொன்றை எழுதிக்கொண்டு வந்திருக்கின்றோம். இரண்டு பக்கமே. இப்போது அதை வாசிக்கப்போகின்றோம். எந்த வரி உங்கள் கடைக்குப் பொருந்தாதோ, அந்த வரியிற் கைதூக்கி நிறுத்துங்கள். இங்கேயே திருத்தி எழுதிக்கொள்வோம்.